இருநூற்று நாற்பது கிண்ணங்கள்

பதினொரு ஓட்டில் தோற்றேன்.
ஆராதனை முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை,
வாசலில் சரவெடி.
அந்தச் சத்தத்துக்குள் நடந்து போகத் தெம்பில்லாமல்
ஆலயத்தின் பின்னறையில் ஒளிந்துகொண்டேன்.
தாழ்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
வெட்கம்.

சேகரச் செயலர் என்று என் பெயர்
போர்டிகோ சலவைக்கல்லில் ஏறியிருக்க வேண்டும்,
பின்னாலேயே பி.காம்., வால் மாதிரி.
கல்லில் எனக்கான இடத்தைக்கூடக்
கண்ணால் அளந்து வைத்திருந்தேன்.

தொட்டியருகே திருவிருந்துக் கிண்ணங்கள்
கழுவாமல் கிடந்தன.
கோயில்குட்டி மாசிலாமணி
முறிந்த மணிக்கட்டுக்குப் புத்தூர்க்கட்டு போட்டிருந்தார்.
ஜன்னலுக்கு வெளியே என் மச்சான் தங்கதுரை
"மூணு வேன்ல ஆள் கொண்டாந்தேன்யா" என்று
போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான்.
கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.
குழாயைத் திறந்தேன்.
காற்று வந்தது.

நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்;
அன்று பொன்னகரத்தின் முறை இல்லை.
குடத்திலிருந்த லாரித் தண்ணீரை
மொண்டு மொண்டு அலசினேன்.

விரல்நுனி அளவு கண்ணாடி.
அடியில் காய்ந்த ஒரு சொட்டுத் திராட்சைரசம்,
நகத்தில் தங்கிய மருதாணி போல.
இது நீதிபதி குடித்ததா,
செல்லூரில் தெருக் கூட்டும் சொர்ணம் குடித்ததா,
என்னைத் தோற்கடித்தவன் குடித்ததா?
தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
தெரியவில்லை.
என்னுடையதும் அதற்குள் எங்கோ இருந்தது.

அன்றே மனம் திரும்பினேன் என்று எழுத ஆசைதான்.
இல்லை.
மறு எண்ணிக்கை கேட்டு மனு எழுதினேன்,
அரசரடி ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி.
ஆனால் மாசிலாமணியின் கை கூடிய பின்னும்
முதல் ஞாயிறுதோறும் அந்தத் தொட்டிக்குப் போனேன்.
"வீட்ல ஒரு டம்ளர் கழுவினதுண்டா?"
கிருபாவதி கேட்டாள்.
அன்றிரவு மீன்குழம்புச் சட்டி தேய்த்தேன்.
அங்கே ஜெபம் வரவில்லை,
இடுப்புவலிதான் வந்தது.

போன ஈஸ்டரன்று ஐயர் பிரசங்கத்தில்
பெயர் சொல்லாமல் என்னைச் சொன்னார்:
"வங்கியில் பெரிய பதவியில் இருக்கிற சகோதரர் ஒருவர்…"
தலை குனிந்தேன்.
குனிந்த தலைக்குள் ஒருத்தன்
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.
பழைய ஆள்தான், வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டவன்.

ஆண்டவரே, அவனை இறக்கிவிட எனக்குத் தெரியவில்லை.
கடைசி சீட்டுக்குத் தள்ளினாலும்
துண்டு போட்டு ஜன்னலோரம் பிடிக்கிறான்.

இந்த மாதம் ஒரு கிண்ணம் கைநழுவியது.
இருநூற்று முப்பத்தொன்பது.
உடைந்த சாமான்களுக்கென்று
ஒரு நீள நோட்டு இருக்கிறதாம்,
அதுவரை எனக்குத் தெரியாது.
மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எழுத்துக்கூட்டி எழுதினார்:
தேதி, கிண்ணம் ஒன்று, உடைத்தவர்.
இத்தனை வருஷத்தில்
சபையின் ஏட்டில் முதல்முறையாக என் பெயர்.

பட்டம் இல்லை.
இனிஷியலும் தப்பு.
சொல்ல வாய்வரை வந்தது.
துண்டை எடுத்து
அடுத்த கிண்ணத்தைத் துடைத்தேன்.