நொடிக்கு இரண்டு

ஃப்ரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு பரிதிக்கு.
சிலிண்டர் ஆளுக்கு ஒரு மாதம்.
பால்கனிக் கொடியில் ஒரு சிவப்பு க்ளிப்,
அதற்கு அப்பால் அவன் சட்டைகள்.
வக்கீல் எழுதாததை எல்லாம்
நாங்களே பேசி முடித்துக்கொண்டோம்.

பத்து மாத அட்வான்ஸ் ஓனர் கெம்பண்ணாவிடம் இருக்கிறது.
ஆகஸ்டுக்கு முன் காலி செய்தால்
இரண்டு மாதத்தைப் பிடித்துக்கொள்வாராம்.
ஆகவே கக்கதாசபுராவில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
கோர்ட்டில் பிரிந்துகொண்டிருக்கும் இரண்டு பேர்
ஒரே வாசலில் செருப்பு விடுகிறோம்.

வைஃபையைப் பிரிக்க மறந்துவிட்டோம்.

அது ஷூ ரேக்கின் மேல்
இரண்டு அறைக்கும் பொதுவாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
இரவு பத்தரைக்கு எனக்கு டென்வர் மீட்டிங்.
பத்தரைக்கு அவனுக்கு ஏதோ ஒரு மேட்ச்.
நான் "முடியாது" என்று சொல்ல வாய் திறந்தபோது
திறந்தபடியே உறைந்துபோனேன், நாற்பது நொடி.
அங்கே சிரித்திருக்கிறார்கள்.
அதற்குள் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

அன்றிரவே ரவுட்டருக்குள் போனேன்.
பாஸ்வேர்டு மாறவில்லை,
விற்றுவிட்ட ஆக்டிவாவின் நம்பர்.
ஒன்பது கருவிகள் வரிசையாக நின்றன:
என் மூன்று, அவன் மூன்று,
டிவி, சொன்னால் நிறம் மாறும் பல்பு,
எங்கள் இருவர் எடையையும் இன்னும்
ஞாபகம் வைத்திருக்கும் தராசு.

பரிதி-லேப்டாப்.
எல்லை என்ற கட்டத்தில் 2 என்று அடித்தேன்.
நூறில் இரண்டு.
எழுத்து வரும், படம் திக்கும், ஆள் சாகமாட்டான்.

அதன்பின் சுவர் வழியாக அவன் வாரம் முழுக்க:
"கேக்குதா? இப்போ?"
மோடத்தை அணைத்துப் போட்டான். ஜன்னலோரம் நகர்ந்தான்.
கேபிள்காரனிடம் தன் கன்னடத்தில் கெஞ்சினான்,
"ஸ்வல்ப நோடி சார்."
பசவராஜு என்ற பையன் வந்து
தன் போனில் சோதித்தான், தொண்ணூற்றெட்டு.
"லேப்டாப் பழசு சார்" என்றான்.
நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.
மீந்துபோன மஞ்சள் கேபிள் ஒரு சுருள்
ரேக்கிலேயே கிடந்தது.

வியாழன் பதினொன்றரை மணி.
சுவருக்கு அந்தப் பக்கம் இன்டர்வியூ.
"மார்ச்சிலிருந்து," என்றான். "ஆமா, மார்ச்சிலிருந்து வேலை இல்லை."
ஏப்ரல், மே, ஜூன்,
ஐந்தாம் தேதிக்குள் அவன் பங்கு வாடகை வந்திருக்கிறது.
பிறகு, "எந்த ஊருக்கும் போகத் தயார்."
அவர்களுக்குக் கேட்கவில்லை.
"எந்த ஊருக்கும்."
கேட்கவில்லை.
"போகத் தயார் சார், எங்க வேணா."
அவர்களுக்கு ஒரு தடவையாவது கேட்டதோ என்னவோ,
எனக்கு மூன்று தடவையும் கேட்டது.

பக்கத்தைத் திறந்தேன். 2-ஐ அழித்தேன்.
சேமிக்க ரவுட்டர் அணைந்து எரியும் என்றது.
இரண்டு நிமிடம்.
இரண்டு நிமிடத்தில் அவர்கள்
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.
சேமிக்காமல் மூடினேன்.

கேபிளுக்கு முகவரி வேறு.
என் பட்டியலில் அது இல்லை.
சுருளைப் பிரித்து ஒரு முனையை ரவுட்டரில் செருகினேன்,
ஹாலின் குறுக்கே, சோபாவுக்கு அடியில்,
நான்கு மாதமாகத் தட்டாத கதவு வரை இழுத்தேன்.
மண்டியிட்டு, கதவுக்கும் தரைக்கும் இடையே
மறுமுனையைத் தள்ளினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
வெளியே தண்ணீர் டேங்கர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
பிறகு கேபிள் அசைந்தது,
உள்ளேயிருந்து இழுபட்டு
என் விரல் வழியாக ஓரடி ஓடியது.

மதியம் அவன் வந்து தயிர் எடுத்தான், கீழ்த்தட்டிலிருந்து.
அவனும் பன்னிரண்டு வருடம் இதே தொழிலில் இருந்தவன்.
வயரில் வருவது வைஃபையில் ஏன் வராது என்று
அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
கேட்கவில்லை.
கேபிளைத் தாண்டிப் போனான். தாண்டித் திரும்பினான்.

ரவுட்டரில் இப்போது பத்து கருவிகள்.
புதியதற்குப் பெயர் இல்லை, எல்லையும் இல்லை.
மேலே பழைய வரியில் 2 அப்படியே நிற்கிறது.
இப்போது அழிக்கலாம்.
அழித்தால் கேபிளைச் சுருட்ட வேண்டிவரும்.