கிணறுகளின் எண்ணிக்கை, முழு எண்ணில்

அராலி தெற்கு. வைகாசி. பகல் பதினொரு மணி.
ஸ்கூட்டி சீற்றில் டப்பை வைத்து
ஒன்பதாம் கேள்வியை வாசிக்கிறேன்:
உங்கள் வளவில் எத்தனை கிணறு?

பின்னக மாறி இது. ஆடு, பிள்ளை, வாளி போல
ஒன்று, இரண்டு என்று தாவித்தான் போகும்.
நடுவில் கால்வைக்க இடமில்லை என்று
கச்சேரிப் பயிற்சியில் சொல்லித்தான் விட்டார்கள்.

தையல் மெஷினை நிறுத்தாமல்
கமலாசனி சொல்கிறா:
"எட்டில மூண்டு."

டப் ஏற்கவில்லை. பெட்டி சிவக்கிறது.
அவா எழும்பிப் போய் உறுதியை எடுத்து வருகிறா.
கிணற்றில் பங்கும், நீர்வார்வையும், வழிவாய்க்காலும்
எட்டில் மூன்று.
நொத்தாரிசின் கையெழுத்து இருக்கிறது. என்னத்தைச் சொல்ல.

கிணறு வேலியில் இருக்கிறது.
வேலிக்குப் பக்கத்தில் அல்ல, வேலியில்.
தகரம் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்று
வாய்க்கு அப்பால் மறுபடி தொடங்குகிறது.
இங்கால் ஒரு கப்பி, அங்கால் ஒரு கப்பி.
அங்கால் கப்பி சற்குணநாதனுடையது,
இவாவின் புருசனுக்குத் தம்பி.
ஒன்பது வருசம், கதை பேச்சில்லை.
ஆண்டு எட்டில் பென்சிலைச் சரித்து
இடைவெட்டை நிழற்றியபோது
அது இவ்வளவு ஆழம் போகும் என்று நினைக்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று போட்டேன்.
அராலியில் இல்லாத ஒரு கிணறு
அப்படித்தான் பிறந்தது.
கூட்டிவிட்டுப் பொதுவானதை ஒருக்கால் கழிக்க வேணும்.
கழிக்கிற பெட்டி படிவத்தில் இல்லை.

கேள்வி பத்து, சுவை: நல்லது, சவர், உப்பு.
வரிசை உண்டு, தூரம் இல்லை.
சவரிலிருந்து உப்புக்கு எத்தனை கட்டை என்று
தேத்தண்ணி குடிக்கிறவருக்குத் தெரியும்.

கேள்வி பதினொன்று மீற்றருக்கு. கம்பியை இறக்க
இரண்டாயிரத்து நூற்றுப் பத்து,
நூற்றுப் பதினேழு,
நான் தட்டுவதற்குள் நூற்றுப் பதினாலு.
தொடர்மாறி யாருக்காகவும் நிற்பதில்லை.

"நீங்கள் ஆறாம் நாள் வந்திட்டியள். எட்டாம் நாள் வாங்கோ."
எட்டு நாள் ஒரு சுற்றாம்.
மூன்று நாள் இவையின் மோட்டர்,
மூன்று நாள் அவையின் மோட்டர்,
மிச்ச ரெண்டு நாளும் குடிக்க ஒரு குடம், அவ்வளவுதான்.
"அது மச்சாள் யோகமலரின்ர பங்கு."
எங்கே அவா என்று கேட்டேன்.
மெஷின் ஓடியது. நூல் அறுந்தது. கோத்தா.
திரும்பவும் ஓடியது.

அகிலத் தொடையிலிருந்து இருப்பதை எடுத்தால்
எஞ்சுவதற்கு நிரப்பி என்று பேர்.
எதை நிரப்புகிறது என்று
வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

எட்டாம் நாள் போனேன், சம்பளத்தில் சேராத பயணம்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
வாயில் விட்டுப் பார்த்தேன்:
சவர்தான், ஆனால் ஒரு ஓரத்தில் இனிக்கிறது.

பின்னுக்கு, யோகமலரின் வெறுங்காணியில்
ஒரு மாதுளை.
"வெள்ளன ஒரு வாளி ஊத்துவன்,
அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."
அவா கைகாட்டிய இடத்தில்
புழுதியில் ஈர வட்டம்.
அடிமரத்துக்கு அங்கால்
இன்னொன்று, அரைவாசி காய்ந்தது.
இரண்டும் சேருகிற துண்டில்
மண் கறுத்து, சேறாய்க் கிடந்தது.

கேள்வி பன்னிரண்டு: மரங்கள்.
ஒன்று என்று போட்டேன்.
யாருடையது என்பதற்கு
டப் இன்னும் சிவந்துகொண்டிருக்கிறது.