நூற்றுக்குப் பூச்சியம்

இந்த நாட்டில் வேலையை
நூற்றுக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள்.
குணமலர் நூற்றுக்கு அறுபது.
மேல்வீட்டு ரேகுலா நூற்றுக்கு எண்பது,
வெள்ளிக்கிழமைகளில் அவளைப் படிக்கட்டில் காணலாம்.
மார்ச் மாதத்திலிருந்து நான்
நூற்றுக்குப் பூச்சியம்.
கணக்குப் பாடத்தில்கூட வாங்காத புள்ளி.

ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் சரி. பிரஷர் சரி.
யாரும் துரத்தவில்லை.
கைகுலுக்கி, வண்டிச் சக்கரம் போல
ஒரு முழுச் சீஸ் தந்து அனுப்பினார்கள்.
மூன்று மாதம் தின்றோம்.

முடிவெட்டுகிற குர்திப் பொடியன் கேட்டான்:
இன்றைக்கு லீவா?
ஓம் என்றேன்.
அடுத்த மாதம், இன்றைக்கும் லீவா?
ஓம்.
மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை.
கழுத்துத் துணியை மட்டும்
நோயாளிக்குக் கட்டுவதுபோல் மெல்லக் கட்டினான்.

பல் வைத்தியரிடம் ஒரு படிவம்.
'தொழில்' என்ற இடத்தில் கோடு கிழித்தேன்.
மேசைப் பெண் என் பிறந்த ஆண்டைப் பார்த்தாள்.
ஓய்வூதியமா? இல்லை.
அப்படியென்றால் வேலை தேடுகிறீர்கள்.
தேடவில்லை.
தேடாதவனுக்கு அவளுடைய கணினியில் கட்டம் இல்லை.
எதையோ அழுத்தினாள். இன்றுவரை தெரியாது
அங்கே நான் என்னவாக இருக்கிறேன் என்று.

ஜெர்மனில் ஒரு பதில் பழகினேன்:
சுதந்திரமாக இருக்கிறேன்.
ரயில் கழிப்பறைக் கதவில்
பச்சையாய் எழுதியிருப்பதும் அதே சொல்தான்.
விட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்கள் இன்னும் நேராகக் கேட்பார்கள்.
லொத்தர் விழுந்ததோ?
சீட்டுப் பிடிக்கிறியோ?
இருபத்து நாலு வருடம்
பதின்மூன்றாம் சம்பளத்தைத் தொடவில்லை,
கார் வாங்கவில்லை, அவ்வளவுதான் என்று
ஒருதரம் உண்மையைச் சொன்னேன்.
கேட்டவர் தன் கார்ச் சாவியை
மேசையிலிருந்து எடுத்துப் பொக்கற்றில் வைத்தார்.

ஆவணியில், ட்ரிம்பாக்கில் ஒரு சாமத்தியவீடு.
கையில் ரோல்ஸுடன் திருவருட்செல்வன் அண்ணை:
"தம்பி இப்ப எங்கை வேலை?"
நான் வாய் திறக்க முன்னம்
குணமலர் சொன்னாள்:
"இரவு வேலை அண்ணை. அதுதான்
பகலிலை ஆக்களைக் காணக் கிடைக்கிறேல்லை."
"இரவெண்டால் காசு கூட" என்றார்,
முகம் தெளிந்து, இன்னொரு ரோல்ஸ் எடுக்கப் போனார்.

பஸ் ஆரே ஆற்றைத் தாண்டும்வரை பேசவில்லை.
"பொய்தானே சொன்னனீர்."
காஞ்சிபுரத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.
"அங்கை நிண்டு வேற என்னத்தைச் சொல்ல?
நான் விடிய எழும்பிப் போறன்,
இவர் படுத்திருக்கிறார் எண்டோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
படுத்திருக்கவில்லை என்பதைத் தவிர.

ஒன்று நாற்பதுக்கு உடம்பு எழும்பிவிடுகிறது.
இருபத்து நாலு வருடம் பொதி பிரித்த கை
இருட்டில் சப்பாத்தைத் தடவுகிறது.
தண்ணீர் குடிக்கிறேன். குசினி யன்னலில் நிற்கிறேன்.
மூடுபனிக்குள் ஒல்டன் நிலையம்
ஒரு மஞ்சள் கறை.
சரக்கு ரயில் வருகிறது,
பெட்டி பெட்டியாய், யாருடைய பொதிகளோ.
எண்ணுகிறேன்.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை,
கணக்கை யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை.

இன்றிரவு அவளும் எழும்பி வந்தாள்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு.
"என்ன செய்யிறீங்கள்?"

ஊரெல்லாம் கேட்ட அதே கேள்வி.
இந்த முறை எனக்குத் தடுமாற்றம் இல்லை.
"எண்ணுறன்."

"எத்தனை?"

"முப்பத்தொண்டு வரைக்கும் வந்திட்டன்.
நடுவிலை நீர் கதைச்சுப்போட்டீர்."

அவளுக்கு ஆறரைக்கு வேலை.
கதிரையை இழுத்து இருந்தாள்.
அடுத்தது வர
இன்னும் பதினொரு நிமிடம்.