மூன்றே முக்கால் கிராம்

தங்கசாலைத் தெருவில் என் வேலை
பழைய வெள்ளியை எடைபோட்டுப் பொய் சொல்வது.
கொலுசென்றால் பற்றாசு அதிகம் என்பேன்,
கிண்ணமென்றால் செம்பு.
கம்பெனிக்காரன் காசு அடித்த கட்டடத்தில்
பிற்பாடு அரசாங்கம் காகிதம் அடித்தது.
மிச்சத்தை நான் அடிக்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம்
காசிமேட்டிலிருந்து ஞானப்பூ வந்தாள்.
படகுக்குப் புரொப்பெல்லர் வாங்க வேண்டுமாம்.
ஈர முந்தானை முடிச்சில்
ஒரு ஜோடிக் கொலுசு,
பிள்ளையின் அரைஞாண் கயிறு,
கயிற்றில் ஒரு காசு.

வட்டமில்லை. ஓரத்தில் வெடிப்பு.
தட்டி நீட்டிய வெள்ளித் துண்டை
அச்சின்மேல் வைத்து ஓங்கியவனுக்கு
அன்றைக்குக் கை சரியில்லை.
சுத்தி ஒருதரம் துள்ளி மறுபடி விழுந்ததில்
ராஜாவுக்கு இரண்டு மூக்கு.
நாகரி வரியில் ஸ்ரீ மட்டும் நிற்கிறது;
பெயர் வெள்ளியைத் தாண்டிக்
காற்றில் அச்சாகிவிட்டது.
சோழனா,
அதே சாயலில் அடித்த ஈழத்தவனா,
சொல்ல வழியில்லை.

"இன்னா சார் இவன்,
இந்தாண்ட நின்னுகினு கீறான்,
அந்தாண்ட குந்திகினு கீறான்.
வேலவெட்டி இல்லாதவனா?"

ராஜா என்றேன்.

"ராஜாவா சுத்தி புடிச்சான்?"

தராசில் போட்டேன்.
அண்ணாநகரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார்,
இதற்கு நாற்பது மடங்கு தருவார்,
ஓட்டை இல்லாதிருந்தால் நூறு.
ஓட்டை அவள் புருஷன் போட்டது:
பட்டறையில் ட்ரில் இரவல் வாங்கி
நின்ற ராஜாவின் தொடைவழியே
உட்கார்ந்த ராஜாவின் கழுத்துக்கு.

எல்லாம் தெரிந்தும்
வெள்ளி விலைதான் சொன்னேன்.
அதிலும் கழிவு போக.

அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிள்ளைக்குப் பல் முளைத்தபோது கடித்த பக்கம்
கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும் போல.

"வலயில வந்தது சார்.
மீனுன்னா நீ கேட்ட வெலைக்குத் தள்ளிட்டுப் பூடுவேன்,
சாயந்தரத்துக்குள்ள நாறிப்போவும்.
இது இன்னா நாறவா போவுது?
கொலுச மட்டும் போடு."

பணத்தை எண்ணாமல் வாங்கியவள்
வாசலில் நின்று இரண்டுதரம் எண்ணினாள்.
யானைகவுனிப் பக்கம் தள்ளுவண்டிகளுக்குள் கலந்தாள்.

காசு கிடந்த தட்டில்
கயிற்றிலிருந்து உதிர்ந்த கடல்மணல் ஒரு பொட்டு.
பூஜ்யத்துக்கு வர மறுத்துத்
தராசு சிவப்பாய் மினுக்கிக்கொண்டிருந்தது.
முதலாளி வந்து ஊதினார்.