பதினோரு இடங்களில்

போடோஷானில் மாலை ஆறு, இருட்டி ஒரு மணி நேரம் ஆகிறது.
தபாச்சுலாவில் காலை பத்து.
எட்டு மணி நேர வித்தியாசத்தை
மேசை விளிம்பில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
கூட்டுவதா கழிப்பதா என்பது இன்னும் குழப்பம்.

மூன்று மாத இன்டர்ன்ஷிப். சம்பளம் இல்லை,
முடிவில் ஒரு சான்றிதழ்.
பாலினம், பாலியல், புலம்பெயர்வு என்று
விளம்பரம் நீளமாக இருந்தது.
என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது அது
ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போன்.

எனக்கு ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் வரவில்லை.
சரகோசாவில் அம்மா
யாரோ ஒருவருடைய அப்பாவைக் குளிப்பாட்டி
சூப் ஊட்டிக்கொண்டிருந்த பத்து வருஷத்தில்,
ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளில்
அவள் குரலுக்குப் பின்னால் ஓடிய டிவியிலிருந்து
திருடிக்கொண்டது.

ஃபைல் முப்பத்தொன்று. பெயர் தயனாரா.
ஊர் சான் பெத்ரோ சூலா. ஐம்பத்திரண்டு நிமிடம்.
நடுவே ஒரு சேவல், இரண்டு முறை மழை.
"தண்ணி வந்திருச்சு" என்று யாரோ கத்த
அவளும் எழுந்துபோய் வாளி வைத்துவிட்டு வருகிறாள்.
அதையும் எழுதினேன்:
(காலடி. தண்ணீர். காலடி.)

ஆறு வரைக்கும்
"பயந்துபோனவன்" என்கிறாள் தன்னை.
"வாயே திறக்காதவன்."
டியூப் மிதவையிலிருந்து இறங்கியதும்
"பசியோட வந்தவள்."
சாவடியில் டார்ச் முகத்தில் அடிக்க
மறுபடியும் "வந்தவன் ஐயா, தனியா வந்தவன்."
சேவல் கூவி வெகுநேரம் கழித்து,
மெதுவாக, "அலுத்துப்போனவள்."

சாஃப்ட்வேர் பொறுப்பானது. முரண் தாங்காது.
பதினோரு இடங்களில் சிவப்புக் கோடிழுத்து
சொல்லுக்கெல்லாம் ஒரே வால் ஒட்டிவிட்டது.
படிய வாரிய தலை மாதிரி இருந்தது பக்கம்.
ஒவ்வொன்றாக நான் கலைத்தேன்.

நெரெய்தா கேட்டாள்: கைப்பிழையா, வேண்டுமென்றேவா?
அதிகாரி பார்த்தால் முன்னுக்குப் பின் முரண் என்பார்.
முரண் என்றால் பொய்.
பொய் என்றால் பேருந்து.
தெற்கே போகும் பேருந்து.

உடனே பதில் எழுத வரவில்லை.
யாருக்காகக் கலைத்தேன்?
ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு
இன்னொருத்தியின் கழுத்தை வைத்து
நேர்மையாக இருப்பது சுலபம்.

அம்மா அங்கே மரியா.
பரஸ்கீவா என்பது அந்த வீட்டார் வாயில் நுழையவில்லையாம்.
எங்களிடம் பரஸ்கீவா, சம்பள உறையில் மரியா.
இதை முரண் என்று யாரும் அவளைப் பிடித்ததில்லை.
பிடித்திருந்தால்
எனக்கு இந்த லேப்டாப் கிடைத்திருக்காது.

"தயனாராவையே கேளுங்கள்" என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை.
மூன்றாம் நாள் ஒரு குரல் செய்தி, இருபது நொடி.
முதல் ஆறு நொடி மோட்டார் சைக்கிள்.
பிறகு:

"அப்படியே இருக்கட்டும் கண்ணு.
நாங்க ரெண்டு பேருமாத்தான் வந்தோம்.
செருப்பு ஒரு ஜோடிதான் இருந்துச்சு,
மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம்.
வக்கீலம்மா கேட்டா அதையும் எழுதச் சொல்லு."

அப்புறம் ஒரு சத்தம்.
சிரிப்பு என்று அடித்தேன், அழித்தேன்.
இருமல் என்று அடித்தேன்.
ஹெட்போனை மற்றக் காதுக்கு மாற்றி நாலு தடவை கேட்டுவிட்டு
(சிரிப்பு அல்லது இருமல்) என்று விட்டுவிட்டேன்.

நெரெய்தா ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.
வக்கீல் என்ன சொன்னார் என்று
எனக்குத் தெரிய வராது; என் வேலை எழுத்தோடு சரி.

ஃபைல் முப்பத்திரண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது,
நாற்பத்தேழு சதவீதம்.
ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது.
அதை எழுதச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.