தையல்நாயகியின் ஒலி அளவு

இருபத்திரண்டு வருடம்
அவள் புடவைக் கரையில் மைக் குத்தியவன் நான்.
முகம் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
கேள்விக்கு முன்னால் அவள் விழுங்கும் எச்சில்.

முதலில் கேட்டது மாயவரம் பஸ் ஸ்டாண்டில்.
கூண்டுக்குள்ளிருந்து
"சீர்காழி வழியாகச் சிதம்பரம்" என்பாள்.
அந்த 'வழியாக'வில் ஒரு வளைவு இருக்கும்.
பர்ஸ் தொலைத்தவனுக்கும் பிள்ளை தொலைத்தவளுக்கும்
ஒரே குரல்தான்.
பிள்ளை கிடைத்துவிட்டால் மட்டும்
இரண்டு தடவை சொல்வாள்.

பிறகு உரக்கடை மாடியில் கேபிள் டிவி.
தொண்டையில் யூரியா நெடி உட்கார்ந்திருக்க
காதுகுத்து வாழ்த்து,
காணாமல் போன சிவலைக் கன்று,
மேட்டூர் நீர்மட்டம்.
நீர்மட்டம் வாசிக்கையில் சிரிக்கக் கூடாதென்று
ஜபருல்லா ராவுத்தர் எழுதி ஒட்டியிருந்தார்.
நூற்றிருபது அடி வந்த அன்று சிரித்தாள்.
அவர் எதுவும் சொல்லவில்லை, பிரியாணி வாங்கி வந்தார்.

சமையல் நிகழ்ச்சியில்
உப்பு மறந்த விரால் குழம்புக்கு "ஆகா" என்றாள்.
ஆகாவுக்குப் பின்னால் வயிறு முனகியது
எனக்கு மட்டும் கேட்டது.
ஜோசியரோடு ஒரு வருடம்.
நகைச்சீட்டு விளம்பரம் ஒன்று:
கம்பெனி ஓடிப்போன வாரம்
அவள் வீட்டு வாசலில் யார் யாரோ செருப்புகள்.

சென்னையில் பெயரை வெட்டி 'நாயகி' ஆக்கினார்கள்.
தையல் பிரிஞ்சு போச்சு என்று அவளே சிரித்தாள்.
'நடுவீட்டில் நாயகி', இரவு ஒன்பது மணி.
மாமியார், மருமகள், ஓடிப்போனவன், திரும்பி வந்தவன்.

மணல்மேட்டிலிருந்து பூங்கோதை வந்தாள்.
"புள்ளைய விட்டுட்டு ஏன் போனீங்க?"
பதினோரு விநாடி.
என் மீட்டரில் அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும்
ஏறி இறங்கியது.
காதுக்குள் தயாரிப்பாளர்: அழ விடு, அழ விடு.
நாயகி இரண்டாம் தடவை கேட்டாள், மெதுவாக,
பிள்ளை கிடைத்த அறிவிப்பைப் போலவே.
அழுதாள்.
ஒரு சின்ன இடைவேளை.
மைக்கை நான் அணைக்கவில்லை.
"தண்ணி" என்றாள் நாயகி.
அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
குடித்துவிட்டாள்.

அப்புறம் விவாத மேடை. நாலு கட்டத்தில் நாலு பேர்
ஆற்றைப் பற்றிக் கத்தினார்கள்.
பழவாறு, மண்ணியாறு, சத்தியவான் வாய்க்கால் என்று
அவளுக்குத் தெரிந்த பெயர்களுக்கு
நிகழ்ச்சியில் இடம் இல்லை.

வயது ஏறியது. ஒப்பந்தம் ஏறவில்லை.
இப்போது கல்யாண வரவேற்பு, கடைத்திறப்பு,
மாதம் ஒரு வெள்ளி
விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம்.
ஆளுக்கு மூன்று நிமிடம் அவள் மைக் நீட்ட வேண்டும்.
ஆம்ப்ளிஃபயர் நான்.

தை மாத மழையில் சாய்ந்த கதிர்
வயலிலேயே முளைத்திருந்தது.
மஞ்சள் பையில் அதை எடுத்துக்கொண்டு
டோக்கன் நாற்பத்தேழு எழுந்து வந்தாள்.
நாயகி எச்சில் விழுங்கினாள்.
எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்கள்ல" என்றாள் பூங்கோதை,
மேடையைப் பார்க்காமல்.
"மனுவைச் சொல்லும்மா" என்றார் அதிகாரி.
"இவங்களுக்கு நேரம் இருக்கு சார்."

பிறகு கட்டைவிரலால்
மைக்கை அணைத்தாள்.

என் மீட்டர் படுத்துவிட்டது.
இரண்டு வாய்கள் அசைந்தன.
ஒருத்தி நிறையப் பேசினாள்,
ஒருத்தி தலையை மட்டும் ஆட்டினாள்.
பின்வரிசையில் யாரோ சத்தம் வரல என்று கத்தினார்கள்.
நான் ஒயரைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுபடி மைக் வந்தபோது
பயிர்க் காப்பீடு, எக்கருக்கு இவ்வளவு,
கிராம நிர்வாக அலுவலர் வரவே இல்லை
என்று பூங்கோதை சொன்னது எல்லோருக்கும் கேட்டது.
முளைத்த நெல்லை மேசையில் கொட்டினாள்.
நாற்பத்தெட்டு.

டீக்கடையில் கேட்டாள்:
"சத்தம் எப்படி இருந்துச்சு?"
"சரியா இருந்துச்சு" என்றேன்.
சர்க்கரை போடாததைச் சொல்லாமல்
இரண்டு பேரும் குடித்தோம்.