வட்டலோட வாங்க

போன ஐப்பசியில் ஓடை எழுந்து வந்து
எங்கள் லைன்வீடு பதினேழிலும் படுத்துக்கொண்டது.
நொய்யலுக்குப் போகிற வழியை மறந்துவிட்டதுபோல.
அன்று ராத்திரிதான் தெரிந்தது
ஒன்பதாம் நம்பர் ஆளுக்குக் காது கேட்காது என்று.
மூன்று வருசமாய்
'பேசினால் திரும்பிப் பார்க்கிறானா, என்ன திமிரு' என்று
குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

கார்த்திகை முதல் ஞாயிறு
காளியப்பன் டெம்போவை வெளியே எடுத்தார்.
காம்பவுண்டு நடுவில் அவ்வளவு இடம் இருந்திருக்கிறது.
கூட்டம் என்று நான் சொல்லவில்லை,
சொன்னால் எந்தக் கட்சி என்பார்கள்.
"அரிசிம்பருப்பு ஆக்கறமுங்க, வட்டலோட வாங்க."
அவ்வளவுதான் சொன்னது.

உசிலம்பட்டிப் பாண்டியம்மாள்
அண்டாவில் இன்னொரு பிடி மிளகாய் போட வந்தாள்,
கையைப் பிடித்தோம்.
ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் சுவரோரம் நின்றார்கள்
பிறகு காசு கேட்பார்களோ என்று.
ஷம்சாத் வட்டலை நீட்டி
"உக்காருங்கடா" என்றாள்.
அந்த 'டா'வில் உட்கார்ந்தார்கள்.

நான் செக்கிங் வேலைக்காரி.
பனியனில் ஓட்டை தேடி
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக் கழிகிறது என் பகல்.
அன்று ஏற்றுமதிப் பெட்டி ஒன்றைக் கிழித்து
அட்டையின் உள்பக்கத்தில்
எங்களிடம் இருக்கும் ஓட்டைகளை எழுதினேன்.
யார் எழுந்து நடக்க மாட்டார்.
யார் வீட்டுச் சாவி யாரிடம்.
கயிறு, டெம்போவில், இருபது முழம்.
நீச்சல் யாருக்குத் தெரியும்?
பிபின் மட்டும் கை தூக்கினான், கடலோரத்துப் பையன்.
இன்சுலின் யாருக்கு என்றபோது
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கரண்டி அண்டாவில் தட்டுகிற சத்தம்.
பிறகு நாலு கை.

அடுத்த மாசம் பாதிப் பேர்தான் வந்தார்கள்.
மாசியில் மோட்டார் பில்லுக்காகச் சண்டை,
நாச்சிமுத்து வட்டலைக் கவிழ்த்துவிட்டுப் போனவர்
அப்புறம் முகம் கொடுக்கவில்லை.
சித்திரையில் மண்டல ஆபீசுக்கு மனுவோடு போனோம்.
"திங்கக்கிழமை வாங்க" என்றார்கள்.
திங்கள் போனோம்.
அடுத்த திங்களும் போனோம்,
கூலியை விட்டுவிட்டு, பதினோரு பேர்.
வைகாசியில் பொக்லைன் வந்தது.
பாலத்தடியிலிருந்து அது அள்ளிக் கொட்டியதில்
மெத்தை, கட்டிங் வேஸ்ட், உடைந்த பிளாஸ்டிக் சேர்.
பாதி நாங்கள் போட்டது.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
அதையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த ஐப்பசி.
கரண்டு போய், மழையின் சத்தம் மட்டும்.
அட்டையை ஆணியிலிருந்து கழற்றி டார்ச்சை அடித்தேன்.
ஒன்பதாம் நம்பரைத் தட்டவில்லை.
இரண்டாவது சாவியால் திறந்து
பாண்டியம்மாள் அவர் பாதத்தைத் தொட்டாள்.
மருந்து டப்பா முதலில் போயிற்று,
அப்புறம் குழந்தைகள், அப்புறம் கோழி.
குடோன் படியில் நின்று எண்ணினேன்.
பதினாறு வீடு, சரி.

"அக்கா, ஒங்க வூடு?" என்றான் பிபின்.
எழுதினவள் தன்னை எழுதிக்கொள்ளவில்லை.
அட்டையின் அடியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான்.
ஏதோ குழந்தை கிறுக்கியது என்று
மாசக்கணக்காய் நான் நினைத்திருந்த
உருண்டை உருண்டை எழுத்து.
படித்துச் சொன்னான்:
மயிலாத்தா அக்கா. இடது முட்டி. கை பிடிக்கணும்.
என் டிரங்குப்பெட்டி அதற்குள் டெம்போவில் இருந்தது.

தண்ணீர் இந்த முறை ஆறு வீட்டோடு நின்றது.
ஆறும் வீடுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

விடியக் கருக்கலில் தூக்குப்போசியில் டீயோடு
முழங்கால் நனைய நடந்து வந்தார் நாச்சிமுத்து.
எட்டு மாசத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு,
"அந்த மோட்டார் பில்லு
எம்பட கணக்குல எப்படிங்க வரும்?"

ஞாயித்துக்கிழமை பேசிக்கலாமுங்க என்றேன்.
வட்டலோட வாங்க.